இரு வழியில் வந்த ஒரு சொல்

நோன்புப் பெருநாள் மாலையொன்றில் நெருங்கிய நண்பர் ஒருவரின் இல்லத்தில் விருந்தினராக இருந்தோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவர் மகள், பள்ளி மலருக்குத் தான் எழுதிய கட்டுரையை நம்மிடம் காட்டக் கொண்டு வந்தாள். ‘ஸ்கூல் மேகஸின்’ என்பதே அவள் வாயில் இயல்பாக வந்த சொல். அவ்வேளையில் நண்பர் செய்தித்தாளை விரித்து, எங்கோ காவல் துறையினர் கைப்பற்றிய ஆயுதங்களின் பட்டியலை வாய்விட்டுப் படித்துக் கொண்டிருந்தார். துப்பாக்கி இத்தனை, தோட்டா இத்தனை, மேகஸின் இத்தனை என்றிருந்தது அப்பட்டியல். சிறுமி சட்டெனத் தலை நிமிர்ந்து, “வாப்பா, துப்பாக்கி வெச்சிருக்கிறவங்களுக்கு மேகஸின் எதுக்கு? படிக்கவா?” என்றாள். அனைவரும் நகைத்தோம். பேரப்பிள்ளைகளுக்குப் பெருநாள் காசு கொடுத்து ஓய்ந்திருந்த அவ்வில்லத்து மூதாட்டியார், தம் சுருக்குப் பையை உதறிக் காட்டி, “இனி யாரும் வராதீங்க, கஜானா காலி” என்றார். மீண்டும் நகைத்தோம்.

மூவர் வாயிலிருந்தும் மூன்று வேறு சொற்கள் வந்தன என்றே அங்கிருந்தோர் எண்ணியிருப்பர். சிறுமியின் மேகஸினும், துப்பாக்கியின் மேகஸினும், மூதாட்டியாரின் கஜானாவும் ஒரே வேரில் முளைத்தவை. அவ்வேர் அரபு வேர். ஒரு கிளை பாரசீக, உருது வழியாக நிலம் கடந்து நம் இல்லத்துக்குள் எப்பொழுதோ வந்து, நம் பாட்டிமார் நாவில் பழகிவிட்டது. மற்றொரு கிளை மத்தியதரைக் கடலைக் கடந்து ஐரோப்பா சென்று, ஆங்கில உடை தரித்து, பள்ளிக்கூடத்தின் வழியாக நம் பேத்திமார் நாவில் ஏறியிருக்கிறது. உடன்பிறந்தார் இருவர் ஒரே கூடத்தில் அமர்ந்தும் ஒருவரையொருவர் அறியாதிருந்த காட்சியை அன்று கண்டோம். அக்காட்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் இத்தகைய சொல்லுக்குப் பொருள் தரும் முறையை நாம் அறிவோம். பண்டகசாலை, வெடிமருந்துக் கிடங்கு, துப்பாக்கியில் தோட்டா வைக்கும் அறை, பருவ இதழ் என எண்ணிட்டு அடுக்கிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவது வழக்கம். அவ்வடுக்கில் பிழை ஏதுமில்லை. ஆயினும், கிடங்குக்கும் இதழுக்கும் என்ன உறவு என்ற வினாவுக்கு அங்கே விடையுமில்லை. மாலையை அறுத்துப் பூக்களை எண்ணித் தருவது போன்றது அம்முறை. நார் எங்கே போயிற்று என்று கேட்பது திறனாய்வின் வேலை. அந்நாரைத் தேடிப் பார்ப்போம்.

அரபு மொழி அறியாதவரும் நம் குடும்பங்களில் அறிந்திருக்கும் சொற்கள் சில உண்டு. ஸஜ்தா செய்யும் இடம் மஸ்ஜித். தர்ஸு, அதாவது பாடம், நடைபெறும் இடம் மத்ரஸா. கப்று அமைந்த இடம் மக்பரா. கூடி அமரும் இடம் மஜ்லிஸ். பயணி இறங்கித் தங்கும் இடம் மன்ஸில். அதனாலன்றோ நம்மவர் வீட்டு வாசல்களில் அப்பெயரைப் பொறித்து வைக்கின்றனர்! இவையனைத்தும் ‘ம’ என்ற எழுத்தோடு தொடங்குவதைக் காண்க. வினை நிகழும் இடத்தைச் சுட்ட, வேர்ச் சொல்லின் முன் மகரத்தைச் சேர்ப்பது அரபு இலக்கணத்தின் வழக்கம். அவ்வாறே, ‘கஸன’ என்றால் சேமித்து வைத்தான். சேமித்து வைக்கும் இடம் ‘மக்ஸன்’. அதன் பன்மை ‘மகாஸின்’. மேகஸின் என்று ஆங்கிலேயர் சொல்லும்போது அவர்தம் நாவில் ஒலிப்பது இப்பன்மையின் எதிரொலியே. அதன் முதல் எழுத்தாகிய மகரம், நம் மஸ்ஜிதிலும் மத்ரஸாவிலும் உள்ள அதே மகரம்.

இவ்வேருக்குத் திருமறையிலும் இடமுண்டு. நபி யூசுஃப் (அலை) அவர்கள் சிறையினின்று மீண்டு எகிப்து மன்னர் முன் நின்றபோது, அந்நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு கேட்ட செய்தி யூசுஃப் அத்தியாயத்தின் 55ஆம் வசனத்தில் வருகின்றது. அங்கே களஞ்சியங்களைக் குறிக்கும் சொல் ‘கஸாஇன்’. ஏழாண்டு விளைச்சலை ஏழாண்டுப் பஞ்சத்துக்காகக் காத்து வைத்த வரலாறு அது. தானியத்தை உதிர்த்து விடாமல் கதிரோடு வைக்கச் சொன்ன நுட்பமும் அவ்வத்தியாயத்திலேயே உள்ளது. இவ்வேரின் உள்ளத்தைக் காண விரும்புவோர் இவ்வரலாற்றை நினைவில் இருத்துக. இன்று உண்பதற்குப் போக எஞ்சியதை, நாளை வேண்டுவோருக்காகக் கெடாமல் வைத்திருத்தலே கஸன என்னும் வினையின் உயிர். வெறும் குவியல் மக்ஸன் ஆகாது. காவலும் கணக்கும் உள்ள இடமே மக்ஸன்.

இச்சொல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றோர் வணிகர். அலெக்சாந்திரியா முதலிய துறைகளில் மிளகும் துணியும் கொண்ட இத்தாலியர், சரக்கு வைக்கும் கூடத்தை அவ்வூரார் அழைத்த பெயராலேயே அழைக்கத் தலைப்பட்டனர். இத்தாலியத்தில் அது ‘மகட்ஸீனோ’ ஆயிற்று; இன்றும் அங்கே பண்டகசாலைக்கு அதுவே பெயர். முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகள் ஆண்ட ஸ்பெயினில், ‘அல்’ என்னும் அரபு முன்னொட்டையும் சேர்த்தே ‘அல்மஸேன்’ என்றனர். போர்த்துகீசியர் அதனை ‘அர்மஸேம்’ என்று திரித்தனர். பிரெஞ்சுக்காரர் ‘மகஸான்’ என்று ஒலித்துக் கடைக்குப் பெயராக்கினர். ரஷ்யாவிலும் கடைக்கு ‘மகஸீன்’ என்றே பெயர். மாஸ்கோ நகரில் ஒருவர் மகஸீனுக்குப் போகிறேன் என்றால், ரொட்டியும் பாலும் வாங்கப் போகிறார் என்று பொருள். மொரோக்கோவிலோ மக்ஸன் என்றாலே அரசு என்று பொருளாகிவிட்டது. வரிப்பொருள் சேரும் இடம் அதனை ஆள்வோருக்கே பெயராயிற்று.

ஆங்கிலத்தில் இச்சொல் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புகுந்தது. முதலில் சரக்குக் கூடம் என்றே பொருள்பட்டது. ஆனால் அக்காலம் ஐரோப்பிய வல்லரசுகள் கப்பலும் பீரங்கியுமாக உலகை வளைக்கப் புறப்பட்ட காலம். கோட்டை கட்டுவோருக்குத் தானியக் கிடங்கினும் மருந்துக் கிடங்கே முதன்மையாகிவிட்டது. ஆதலின் மேகஸின் என்றால் வெடிமருந்தும் படைக்கலமும் வைக்கும் தனிக்கட்டடம் என்ற பொருள் மேலோங்கியது. பஞ்சத்துக்கு அஞ்சிக் கட்டிய சொல், பகைவருக்கு அஞ்சிக் காக்கும் சொல்லாக மாறிற்று.

அச்சொல் நம் நாட்டு வரலாற்றில் எழுதிச் சென்ற ஒரு நாளும் உண்டு. 1857ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் நாள், மீரட்டிலிருந்து எழுந்து வந்த சிப்பாய்கள் டில்லிக்குள் நுழைந்தனர். காஷ்மீர் வாயிலுக்கு அண்மையில் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பெரிய மேகஸின் இருந்தது. அதனைக் காத்து நின்ற லெப்டினன்ட் வில்லோபியும் அவருடைய தோழர்களுமாக ஒன்பது ஆங்கிலேயர், இனிக் காக்க இயலாதெனக் கண்டபோது அதற்குத் தாமே தீயிட்டனர். அவ்வெடிப்பில் மாண்டோர் பலர். அக்கட்டடத்தின் வாயில்கள் இன்றும் டில்லி மாநகரில் நிற்கின்றன. வாயிலின் மேல் ஆங்கிலேய அரசு பதித்த கல்வெட்டு, ஒன்பதின்மரின் வீரத்தைப் புகழ்ந்து, எதிர்த்து வந்தோரைக் கலகக்காரர் என்று கூறுகின்றது. நாடு விடுதலை பெற்றபின் அதன் கீழே மற்றொரு கல் பதிக்கப்பட்டது. மேலே கலகக்காரர் எனப்பட்டோர், அயல் ஆட்சியை அகற்ற முயன்ற இந்தியப் படையினரே என்று அது திருத்துகின்றது. மேற்கல்லைப் பெயர்த்தெறியாமல் கீழே ஒரு கல்லை வைத்த அச்செயல் நம் உள்ளத்தைத் தொட்டது. பொய்யென்று கருதியதையும் அழிக்காது வைத்து, அதன் பக்கத்தில் மெய்யை எழுதி வைத்தனர். மருந்து வெடித்துப் பாழான மேகஸின், கல்லில் எழுதிய மேகஸினாக இன்று இருக்கின்றது என்றால் மிகையாகாது.

இனித் துப்பாக்கிக்கு வருவோம். 1857இல் பூசலுக்கு வித்திட்ட என்ஃபீல்டு துப்பாக்கியில் இப்பொழுது நாம் பேசும் மேகஸின் இல்லை. ஒவ்வொரு முறையும் தோட்டாவின் தாளைப் பல்லாற் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழல் வாயிற் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். பிற்பாடு, பல தோட்டாக்களை ஒரு சிறு பெட்டியில் அடுக்கி, அடியிலிருக்கும் வில் ஒவ்வொன்றாக மேலே தள்ளும் பொறியைக் கண்டனர். பெருங்கிடங்கு சுருங்கி வீரனின் கைக்குள் அடங்கியது. ஆகவே கிடங்கின் பெயரே பெட்டிக்கும் வந்தது. 1888இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்ட துப்பாக்கிக்கு அரசு முறைப் பெயரே ‘மேகஸின் ரைபிள்’ என்பதுதான். திரைப்படக் கருவியில் படச்சுருள் வைக்கும் பெட்டியும் மேகஸின் எனப்படும். வேண்டும்போது ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் சிறு களஞ்சியம் என்ற கருத்தே இவற்றிலெல்லாம் ஓடுகின்றது. சிறுமியின் வினாவுக்கு ஒரு பாதி விடை இது.

மறுபாதி விடை, கிடங்கு ஏடான கதை. இது போர்ப்பாசறை வழியாகவே நிகழ்ந்தது என்பது வியப்புக்குரியது. 1639இல் ராபர்ட் வார்டு என்னும் ஆங்கிலேயர் போர்க்கலை பற்றித் தாம் வெளியிட்ட பெருநூலின் தலைப்பில், அதனைப் படைத்துறை மேகஸின் என்று குறித்தார். படைக்கலங்களைப் போலப் படையறிவும் அடுக்கி வைக்கத் தக்கது என்பது அவர் கருத்துப் போலும். அதன் பின் கடலோடிகளுக்கும் வணிகருக்குமான கையேடுகளும் இவ்வாறே பெயர் பூண்டன. ஆனால் அவையெல்லாம் ஒருமுறை அச்சாகும் நூல்கள். திங்கள்தோறும் நிரம்பும் களஞ்சியம் என்ற எண்ணம் பிறந்தது 1731இல்.

அதனைப் பிறப்பித்தவர் எட்வர்டு கேவ். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். அச்சுத் தொழில் பயின்றவர். தபால் நிலையத்தில் ஊழியம் பார்த்தவர். நாட்டின் நாற்றிசைகளிலிருந்தும் வரும் செய்தித்தாள்கள் அவர் கைவழியே சென்றன. வாரந்தோறும் அச்சாகி வாரந்தோறும் குப்பைக்குப் போகும் அத்தாள்களில் நல்லனவும் கலந்து அழிவதைக் கண்டார். அவற்றுள் வைத்துக்கொள்ளத் தக்கவற்றைத் தேர்ந்து மாதம் ஒருமுறை தொகுத்தளித்தால் என்ன என்று எண்ணினார். இலண்டனில் செயின்ட் ஜான் வாயிலிலிருந்து அவர் வெளியிட்ட ஏட்டுக்கு ‘ஜென்டில்மன்ஸ் மேகஸின்’ என்று பெயரிட்டார். அது பெருவெற்றி கண்டது, பிறரும் பின்பற்றினர், 1741இல் அமெரிக்காவிலும் இரண்டு ஏடுகள் இப்பெயரோடு தோன்றின. சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் புகழ்பெற்ற அகராதியை வெளியிட்டபோது, மேகஸினுக்குப் பண்டகசாலை, படைக்கலக் கொட்டில் என்ற பொருள்களை முதலில் தந்தார். கேவின் ஏட்டால் அண்மையில் பல்சுவைத் தொகுப்புக்கும் இப்பெயர் வழங்கலாயிற்று என்று பிறகு குறித்தார். நம் அகராதிகள் அறுத்துவிட்ட நாரை அவர் அறுக்கவில்லை. புதுப்பொருள் எவரால், எதிலிருந்து வந்தது என்று ஒரே வரியில் காட்டிவிட்டார்.

இங்கே நம்மவரை நோக்கியும் ஒன்று சொல்ல வேண்டும். அரபுச் சொற்கள் ஆங்கிலத்தில் இத்தனை உள்ளன என்று பட்டியலிடுவது நம் மேடைகளிலும் ஏடுகளிலும் நெடுநாள் வழக்கம். அல்ஜீப்ரா, அட்மிரல், காட்டன், மேகஸின் என்று அடுக்கி, ‘மேலைநாட்டாருக்கு இதழ்களையும் நாமே கொடுத்தோம்’ என்று முடிப்போரை நாம் கேட்டிருக்கிறோம். கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கைதட்டல் ஓய்ந்தபின் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரபியர் தம் திங்களேட்டை மேகஸின் என்றோ மக்ஸன் என்றோ அழைக்கின்றனரா? இல்லை, ‘மஜல்லா’ என்றே அழைக்கின்றனர். சுவடி, ஏடு என்னும் பொருளில் முன்பே வழங்கிய சொல் அது. உதுமானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த உரிமையியல் சட்ட நூலுக்கும் அதுவே பெயர். அரபு தந்தது கிடங்கை. கிடங்கைத் திங்களேடாக்கியவர் இலண்டன் அச்சகத்தார் ஒருவர். அப்புதுப்பொருளைப் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலத்திலிருந்தே பெற்றனர். தம் ‘மகஸானை’க் கடைக்கு விட்டுவிட்டு, இதழுக்கு ஆங்கில எழுத்தில் ‘மகஸீன்’ என்று தனியே எழுதிக்கொண்டனர். ஒவ்வொருவரும் செய்த வேலைக்கு உரிய பங்கை அவரவர்க்கு அளித்தல் நீதி.

இத்தோடு மற்றொரு சொல்லையும் ஒப்புநோக்குவது நலம். பண்டகசாலைக்கு இந்திய ஆங்கிலத்தில் வழங்கும் ‘கோடவுன்’ என்ற சொல், மலாய் மொழியின் ‘கூடாங்’ வழியாகச் சென்றது என்றும், அதற்கும் மூலம் நம் ‘கிடங்கு’, தெலுங்கின் ‘கிட்டங்கி’ ஆகிய சொற்களாகலாம் என்றும் அகராதியாளர் கருதுவர். ஆக, அரபு ஒரு கிடங்கைக் கொடுத்தது. தென்னாடும் ஒரு கிடங்கைக் கொடுத்தது என்று கொள்ளலாம். முன்னது நூலாயிற்று, இதழாயிற்று. பின்னது மூட்டைகளோடு மூட்டையாக இன்றும் கிடக்கின்றது. இதில் அரபுக்கு ஏற்றமும் தமிழுக்குத் தாழ்வும் காண்பது பேதைமை. சொல்லைப் பெற்றவர் கையில் என்ன வேலை இருந்தது என்பதே சொல்லின் விதியை வகுக்கின்றது. பிறப்பினால் ஒரு சொல்லுக்கு மேன்மை இல்லை. மனிதர்க்கும் அஃதில்லை என்று கற்பிக்கப்பட்டவர்கள் நாம்.

ஆயினும், களஞ்சியத்தை நூலுக்கு உவமையாக்கும் எண்ணம் ஆங்கிலேயர்க்கே உரியதன்று. 12ஆம் நூற்றாண்டில் பாரசீகக் கவிஞர் நிஸாமி தம் காவியமொன்றுக்கு ‘மக்ஸனுல் அஸ்ரார்’, அதாவது மறைபொருள்களின் களஞ்சியம், என்று பெயர் சூட்டினார். இலண்டனில் வார்டு எழுதுவதற்கு ஏறத்தாழ நானூற்றைம்பது ஆண்டுகள் முந்தியது அது. பின்னர், 1901இல் ஷேக் அப்துல் காதிர் லாகூரில் ஓர் உருது இலக்கியத் திங்களேட்டைத் தொடங்கியபோது, அதற்கு ‘மக்ஸன்’ என்றே பெயர் வைத்தார். அல்லாமா இக்பாலின் இமயம் பற்றிய கவிதை அதன் முதல் இதழில் வெளிவந்தது. அரபுத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, இத்தாலியும் பிரான்சும் இங்கிலாந்தும் சுற்றி, இதழென்ற புதுப்பொருளை ஈட்டிக்கொண்டு, தன் பழைய பெயரோடு கீழ்த்திசைக்கு அச்சொல் திரும்பிய நாள் அதுவெனலாம். இப்படிப்பட்ட மீட்சியைப் பெருமையென்று பேசினால் அதில் பொருளுண்டு. அப்துல் காதிர் பட்டியல் போடவில்லை, ஏடு நடத்தினார்.

தமிழ் இச்சொல்லை எவ்வாறு எதிர்கொண்டது? பருவ வெளியீட்டுக்கு நாம் வைத்த பெயர்கள் இதழ், ஏடு, பத்திரிகை, மலர் என்பன. இதழும் மலரும் பூவைச் சேர்ந்தவை. ஏடு பனையோலை. பத்திரிகை, இலை எனப் பொருள்படும் பத்திரம் என்னும் வடசொல்லின் வழி வந்தது. ஆங்கிலம் உள்ளிருக்கும் பண்டத்தை நோக்கிப் பெயரிட, நாம் கையில் விரியும் தாளை நோக்கிப் பெயரிட்டோம். நம் சமுதாய ஏடுகளின் தனிப்பெயர்களோ இன்னும் அழகியவை. 1882இல் சித்தி லெவ்வை கண்டியில் தொடங்கிய ஏடு ‘முஸ்லிம் நேசன்’. பின்னர் வந்தவற்றுள் ‘தாருல் இஸ்லாம்’, ‘பிறை’, ‘மணிவிளக்கு’ என்பன சில. நண்பன், இல்லம், பிறை, விளக்கு என அன்பும் ஒளியும் பெயர்களில் உள்ளன. களஞ்சியம் மட்டும் இல்லை.

களஞ்சியம் தமிழில் வேறிடத்திற் சென்று அமர்ந்தது. நெல் கொட்டி வைக்கும் களஞ்சியத்தின் பெயரைக் கொண்டு, தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் வெளியிட்டனர். எம். ஆர். எம். அப்துற் றஹீம் அவர்கள் இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் தொகுத்தளித்தார். நெற்குதிரிலிருந்து நூலுக்குத் தாவிய இத்தாவல், மக்ஸனிலிருந்து மேகஸினுக்குத் தாவிய அதே தாவல். எவரும் எவரிடமும் கடன் கேட்காமலே இருவேறு மொழிகள் ஒரே உவமையை எட்டியது எண்ணி மகிழத் தக்கது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. பேரறிஞர் குழு பல்லாண்டு உழைத்துத் தரும் பெருநூலையே நாம் களஞ்சியம் என்றோம். மாதம் ஒருமுறை அஞ்சலில் வரும் மெல்லிய ஏட்டை அவ்வாறு எண்ணவில்லை. இதழ் என்றோம்; இதழ் உதிர்வதற்கே உரியது என்றும் நம்மையறியாமல் எண்ணிவிட்டோம்.

இதனால் நேர்ந்த இழப்பை ஒருமுறை கண்ணாற் கண்டோம். சில ஆண்டுகளுக்கு முன், பழைய இஸ்லாமியத் தமிழ் ஏடுகளைத் தேடிக் கடற்கரையூர் ஒன்றுக்குச் சென்றிருந்தோம். அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் வாழ்நாள் முழுதும் ஏடுகளை வாங்கி, ஆண்டு வாரியாகக் கட்டி, மரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார் எனக் கேள்வியுற்றிருந்தோம். அவர் மறைந்து சில திங்கள் ஆகியிருந்தன. மரப்பெட்டி இருந்தது, அதில் குளிர்காலப் போர்வைகள் இருந்தன. ஏடுகளை எடைக்குப் போட்டுவிட்டதாக இல்லத்தார் வருந்திக் கூறினர். வீடு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது, இடம் அடைத்துக் கிடந்தது என்பது காரணம். அவர்களைக் குறை கூற நமக்கு மனம் வரவில்லை. அது மக்ஸன் என்று அவர்களிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை. நாமும் பிந்திப் போனோம்.

எனினும், வைத்திருத்தல் மட்டும் போதாது. எதை வைக்கிறோம் என்ற வினாவும் உடன் எழுகின்றது. கேவின் ஏட்டு வரலாற்றிலேயே இதற்குப் படிப்பினை உண்டு. பாராளுமன்றப் பேச்சுகளை அச்சிடலாகாது என்று 1738இல் தடை வந்தது. கேவோ, சுவிஃப்ட் எழுதிய கதையில் வரும் லில்லிபுட் நாட்டின் மன்றத்தில் நிகழ்ந்தவை என்ற போர்வையில் அப்பேச்சுகளை வெளியிட்டார். 1740களின் தொடக்கத்தில் அவற்றை எழுதித் தந்தவர் அதே ஜான்சன். பேச்சுகளைக் கேளாமலே, கிடைத்த சிறு குறிப்புகளைக் கொண்டு, பெரும்பாலும் தம் கற்பனையாலேயே அவர் அவற்றை எழுதினார். நடை மிகச் சிறந்திருந்தமையால் உலகம் அவற்றை மெய்யான உரைகளென்றே நம்பிற்று. அதையறிந்த ஜான்சன் அப்பணியை விட்டார். பொய்க்குத் துணை போனதை முதுமையிலும் எண்ணி வருந்தினார். களஞ்சியத்தில் நெல்லோடு பதரும் சேர்ந்துவிட்டால், பஞ்ச காலத்தில் திறந்து பார்ப்பவன் ஏமாறுவான். வெடிமருந்தைச் சேர்த்துவிட்டாலோ, அவன் வீடே அழியும். வதந்தியும் வசையும் அச்சேறும்போது இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்கின்றன. மேகஸின் என்ற சொல் தானியத்துக்கும் மருந்துக்கும் ஒருசேரப் பெயராயிருப்பதில் ஏடு நடத்துவோர்க்கு எச்சரிக்கை ஒன்று அடங்கியிருப்பதாகவே நமக்குத் தோன்றுகின்றது.

நபி யூசுஃப் (அலை) அவர்கள் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது தமக்குரிய தகுதிகளாக இரண்டினைக் கூறினார்கள். ஒன்று, காக்க வல்லவர் என்பது. மற்றொன்று, அறிந்தவர் என்பது. அறிவின்றிக் காப்பவன் குப்பையையும் காப்பான். காவலின்றி அறிந்தவன் நல்லதையும் இழப்பான். ஏட்டை நடத்துவோர்க்கும் அதில் எழுதுவோர்க்கும் இவ்விரண்டினும் சிறந்த இலக்கணம் இல்லை. வாங்கிப் படிக்கும் குடும்பத்தார்க்கும் இதில் பங்குண்டு.

அன்று மாலை அச்சிறுமிக்கு இக்கதையை எளிய தமிழில் சொன்னோம். கேட்டு முடித்தவள், “அப்போ பாட்டி பையும் மேகஸின்தானா?” என்றாள். ஆம் என்றோம். அவள் தன் கட்டுரையை எடுத்துச் சென்று, அதில் இரண்டு வரிகளை அடித்துவிட்டுத் திரும்பக் கொண்டு வந்தாள். யாரோ சொல்லக் கேட்டு எழுதியவை, உண்மைதானா என்று தெரியவில்லை என்றாள். அகராதி சொல்லாததை அவள் விளங்கிக் கொண்டாள் என்று மகிழ்ந்தோம்.

பழைய தாள் வாங்குவோர் தராசோடு அடுத்த முறை வாசலுக்கு வரும்போது, கட்டை அவிழ்த்து ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்பதே நம் வாசகக் குடும்பங்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள்.